டோபி காட்டுக்கு மேலே ஐந்து கிலோமீட்டர்

டிசம்பரில் டோபி காட் எம்ஆர்டி நிலையத்திலிருந்து ஆர்ச்சர்ட் சாலைப் பக்கம் ஏறி வந்து பாருங்கள், மாணவர்களே. முதலில் கண்ணில் படுவது பனிதான். கடைக் கண்ணாடிகளில் வெள்ளைத்தாளில் வெட்டிய பனிச்செதில்கள். தலைக்கு மேலே விளக்குத் தோரணத்திலும் பனிச்செதில்கள். ஒரு கடைத்தொகுதியில் மாலை நேரத்தில் சோப்பு நுரையையே பனி என்று பறக்கவிட்டதுண்டு; பிள்ளைகள் அதில் குதித்து ஆடினார்கள். வெளியே வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ்.

போன டிசம்பரில் தொடக்கநிலை 3 படிக்கும் என் அக்கா மகளை அந்த வழியாக அழைத்து வந்தேன். அவள் விடுமுறைக் கலை வகுப்பு முடிந்து வந்திருந்தாள். அந்த வாரத் தலைப்பு 'குளிர்காலம்'. கையில் ஓர் அட்டைக் கோப்பு. அதற்குள் அவளே மடித்து வெட்டிய பனிச்செதில். வகுப்பறைச் சன்னலில் ஒட்ட வேண்டியது. பெருமையோடு விரித்துக் காட்டினாள். அழகாகத்தான் இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? கைகளை எண்ணினேன். நான்கு நீளம், நான்கு குட்டை, மொத்தம் எட்டு.

"பனிச்செதிலுக்கு ஆறு கைதான்மா இருக்கும்" என்றேன். அறிவியல் ஆசிரியர் வாய் சும்மா இருக்காது.

அவள் முகம் சுருங்கிவிட்டது. கோப்பை மூடிக்கொண்டாள். லிட்டில் இந்தியா அடுத்த நிறுத்தம்தான். ஆனால் அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. ரயில் கதவு திறக்கும் நேரத்தில் கேட்டாள்: "சித்தி, நீங்க ஸ்னோ பாத்திருக்கீங்களா?"

"இல்ல."

"அப்புறம் ஆறுதான்னு எப்படித் தெரியும்?"

இதைவிட நல்ல கேள்வியை என் உயர்நிலை வகுப்பில்கூட அந்த ஆண்டு யாரும் கேட்கவில்லை. "புத்தகத்தில இருக்கு" என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வெட்கமாக இருந்தது. அவளுக்கு நான் தேடிக் கொடுத்த பதில்தான் இந்தக் கட்டுரை.

பார்த்தவர்கள் சொன்னது

பனி பொழியும் நாடுகளில் இதைக் கவனித்தவர்கள் பலர். சீனாவில் ஹான் யிங் என்ற அறிஞர் கி.மு. 2ஆம் நூற்றாண்டிலேயே, செடிகொடிகளின் பூக்கள் பெரும்பாலும் ஐந்து இதழோடு இருக்க, பனிப்பூ மட்டும் எப்போதும் ஆறு இதழோடு இருக்கிறது என்று குறித்துவைத்தார். கோள்களின் பாதையைக் கண்டுபிடித்தாரே யோகான்னஸ் கெப்ளர், அவர் பிராக் நகரில் நடந்து போகும்போது மேலங்கியில் விழுந்த பனியைப் பார்த்துவிட்டு, 'ஏன் ஆறு? ஏன் ஐந்தோ ஏழோ இல்லை?' என்று கேட்டு 1611இல் ஒரு சிறு நூலே எழுதினார். நண்பருக்குப் புத்தாண்டுப் பரிசாக எழுதியது அது. தேன்கூட்டையும் மாதுளை முத்துகளையும் அடுக்கிவைத்த உருண்டைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். ஆனாலும் காரணம் பிடிபடவில்லை. அதை வேதியியலாளர்களிடம் விட்டுவிடுகிறேன் என்று நேர்மையாக முடித்துக்கொண்டார்.

அமெரிக்காவில், வெர்மான்ட் மாநிலத்தின் ஜெரிக்கோ என்ற ஊரில் வில்சன் பென்ட்லி என்ற விவசாயி இருந்தார். நுண்ணோக்கியையும் கேமராவையும் சேர்த்துப் பொருத்தி, 1885 ஜனவரி 15 அன்று ஒற்றைப் பனிப்படிகத்தைப் படம் எடுத்தார். அப்போது அவருக்கு 19 வயது. 1931இல் இறப்பதற்குள் 5,000க்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். உறைய வைக்கும் குளிரில், மூச்சுக்காற்று பட்டால் உருகிவிடும் பொருளை வைத்துக்கொண்டு! அவர் படங்களை அவளுக்குக் காட்டினேன். ஒவ்வொன்றிலும் எண்ணினாள். ஆறு, ஆறு, ஆறு.

"ஆனா இது அவர் பாத்தது. நாம பாக்கல" என்றாள். விடுகிற பிள்ளை இல்லை.

அவளுக்கு ஒரு ஆறுதலும் கிடைத்தது. எட்டுக் கைப் பனிச்செதில் அவள் ஒருத்தியின் தவறு இல்லை. ஜெர்மனியின் பீலஃபெல்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் கூப் என்ற விஞ்ஞானி, 2009 டிசம்பரில் 'நேச்சர்' ஆய்விதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். வாழ்த்து அட்டை, விளம்பரம் என்று எங்கு பார்த்தாலும் பொய்யான பனிச்செதில்கள் என்பது அவர் மனக்குறை. அவர் காட்டிய உதாரணங்களில் ஒன்று 'நேச்சர்' இதழின் சொந்த விளம்பரம். அதிலும் எட்டு மூலைதான்! மறுநாள் நாங்கள் ஆர்ச்சர்ட் சாலைக்குத் திரும்பப் போய் எண்ணினோம். ஆறு, எட்டு, ஆறு, ஐந்து, எட்டு. நீங்களும் எண்ணிப் பாருங்கள். காசு செலவில்லாத விளையாட்டு.

எட்டு ஏன் வருகிறது? தாளைப் பாதியாக மடிப்பது எளிது. பாதி, அதில் பாதி, அதிலும் பாதி என்று மூன்று முறை மடித்தால் 360 டிகிரி எட்டுப் பங்காகிறது. ஒவ்வொரு பங்கும் 45 டிகிரி. மூன்றாக மடிப்பதுதான் கடினம். ஆறு வேண்டுமானால், தாளை ஒருமுறை பாதியாக மடித்து, கிடைக்கும் 180 டிகிரியைச் சமமாக மூன்றாக மடிக்க வேண்டும். பிறகு இன்னொரு முறை பாதி. இப்போது 30 டிகிரியில் 12 அடுக்கு இருக்கும். வெட்டிப் பிரித்தால் ஒரே அளவில் ஆறு கைகள் வரும்.

பாட்டியின் 37 புள்ளிகள்

பனி என்றதும் தமிழில் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் இலக்கணம் ஆண்டை ஆறு பருவமாகப் பிரிக்கிறது. மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. அந்தப் 'பனி' புல்லில் படியும் துளியும் விடியற்கால மூட்டமும்தான். ஆனால் இன்று எந்தப் பிள்ளையிடம் 'பனிக்காலம் வரை' என்று சொன்னாலும் கேரட் மூக்கு வைத்த பனிமனிதன்தான் வருகிறான். அவன் வரட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் நம் வீட்டுக் குளிர்காலக் கலை ஒன்று அவன் பின்னால் மறைந்து நிற்கிறது: மார்கழிக் கோலம்.

என் அம்மாவுக்கு எழுபது வயது. வீவக வீட்டு வாசலில், பக்கத்து வீட்டுக்காரர் மிதிக்காத அளவுக்குச் சின்னதாகக் கோலம் போடுவார். டிசம்பர் பாதியில் மார்கழி பிறந்ததும் பேத்தியும் கூட உட்கார்ந்தாள். அவள் கதையைக் கேட்ட அம்மா, "ஆறு கைதானே வேணும்? ஏழு புள்ளி, நாலு வரைக்கும், ஊடுபுள்ளி" என்றார்.

கோலத்தில் புள்ளி வைக்க இரண்டு முறை உண்டு. நேர்ப்புள்ளி என்றால் ஒரு வரிசைப் புள்ளிக்கு நேர் கீழே அடுத்த வரிசைப் புள்ளி, சதுரக் கட்டம் போல. ஊடுபுள்ளி என்றால் இரண்டு புள்ளிக்கு நடுவே அடுத்த வரிசைப் புள்ளி. இதை இடைப்புள்ளி, இடுக்குப்புள்ளி என்றும் சொல்வார்கள். நடுவில் ஏழு புள்ளி. அதற்கு மேலும் கீழும் ஆறு, ஐந்து, நான்கு. எண்ணிப் பாருங்கள்: 4+5+6+7+6+5+4 = 37. வரிசைகளுக்கு இடையில் சரியான தூரம் விட்டால், ஓரம் ஒரு கச்சிதமான அறுகோணம். நேர்ப்புள்ளியில் நான்கும் எட்டும் தானாக வரும். ஊடுபுள்ளியில் ஆறு தானாக வரும். எத்தனை கை என்பதை வரைபவர் முடிவு செய்வதில்லை. புள்ளி அடுக்கிய விதமே முடிவு செய்துவிடுகிறது.

பனியிலும் நடப்பது இதுதான். நீர் மூலக்கூறு ஒவ்வொன்றும் ஒரு ஆக்சிஜன், இரண்டு ஹைட்ரஜன். உறையும்போது ஒவ்வொரு மூலக்கூறும் பக்கத்திலுள்ள நான்கு மூலக்கூறுகளோடு கைகோத்துக்கொள்கிறது. இந்தப் பிணைப்புகள் விரும்பிய கோணத்தில் வளையாதவை. அப்படிக் கோத்துக்கொண்டே போனால் ஆறு ஆக்சிஜன் சேர்ந்த வளையங்கள் உருவாகின்றன. கெப்ளர் தேடிய காரணம் இது. எக்ஸ் கதிர்களால் படிகங்களுக்குள் பார்க்கும் முறை 20ஆம் நூற்றாண்டில் வந்த பிறகுதான் மனிதருக்குத் தெரிந்தது.

இப்போது ஒரு தாளும் பென்சிலும் எடுங்கள். ஏழு புள்ளி, நாலு வரை, ஊடுபுள்ளி வையுங்கள். ஓரத்தில் உள்ள ஆறு மூலைப் புள்ளிகளை அழியுங்கள். பிறகு நட்டநடுப் புள்ளியை அழியுங்கள். அதைச் சுற்றி ஆறு புள்ளிகள் வளையமாக நிற்கும், அவற்றைத் தொடாதீர்கள். அந்த வளையத்தைச் சுற்றி, அதேபோன்ற இன்னும் ஆறு வளையங்களின் நடுப்புள்ளிகளைக் கண்டுபிடித்து அழியுங்கள். மொத்தம் 13 போய்விட்டது, மீதி 24. பக்கத்துப் புள்ளிகளைக் கோடு போட்டு இணைத்தால் ஏழு அறுகோணங்கள் கிடைக்கும். பனிக்கட்டியின் படிகத்தை நேர் மேலிருந்து பார்த்தால் ஆக்சிஜன் அணுக்கள் இப்படித்தான் தெரியும். அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அப்படியா, கம்பியை நடுவுல இழுக்காம விட்டுட்ட" என்று கோலத்தைப் பார்த்துச் சொன்னார்.

வளையம் சரி, கைகள் எப்படி முளைக்கின்றன? முதலில் பிறப்பது மிகச் சிறிய அறுகோணத் தட்டு. அதன் ஆறு மூலைகளும் காற்றுக்குள் சற்றே நீட்டிக்கொண்டிருக்கின்றன. அதனால் நீராவி அங்கேதான் அதிகம் வந்து ஒட்டுகிறது. மூலை மேலும் நீள்கிறது. ஆறு மூலைகளும் ஒரே மேகத்தில், ஒரே வெப்பநிலையில், ஒரே ஈரத்தில் பயணிப்பதால் ஆறும் ஏறத்தாழ ஒரே மாதிரி வளர்கின்றன. எல்லாம் இப்படி அழகாக முடிவதில்லை. பெரும்பாலானவை கோணல்மாணல்தான். பென்ட்லி அழகானவற்றைத் தேடித்தேடிப் படம் எடுத்தார் என்பதை மறக்க வேண்டாம். இரண்டு படிகம் ஒட்டிப் பன்னிரண்டு கை வருவதும் உண்டு. எட்டுக் கையோடு ஒற்றைப் படிகம் வளர்வதில்லை.

நம் தலைக்கு மேல்

"சிங்கப்பூர்ல ஸ்னோவே இல்லையே, அப்புறம் எதுக்கு வரையச் சொல்றாங்க?" இது அவளுடைய அடுத்த கேள்வி.

தரையில் இல்லை, உண்மை. இங்கே பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 19.4 டிகிரி. அது 1934 ஜனவரி கடைசியில். ஆனால் 'சிங்கப்பூரில் பனியே இல்லை' என்பது தவறு. ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். உயரே போகப் போக, கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 6 டிகிரி குளிர்கிறது. தரையில் 30 என்றால் எவ்வளவு உயரத்தில் 0? முப்பதை ஆறால் வகுங்கள்: 5 கிலோமீட்டர். டோபி காட்டிலிருந்து சாங்கி விமான நிலையம் இருக்கும் தூரம்கூட இல்லை. அதை நிமிர்த்தி வைத்தாற்போல் மேலே போனால் உறைநிலை வந்துவிடும்.

நம் இடிமேகங்கள் அதையும் தாண்டி 15 கிலோமீட்டர்வரை வளர்பவை. அதனால் சிங்கப்பூருக்கு மேலே, இடிமழை நாள்தோறும், பனிப்படிகங்கள் பிறக்கின்றன. அவை மேகத்துளிகளில் மோதிச் சிறு உருண்டைகளாகின்றன. கீழே விழும் வழியில் உருகுகின்றன. உங்கள் குடையில் விழும் கனத்த மழைத்துளிகளில் பல, சில நிமிடங்களுக்கு முன்பு பனியாக இருந்தவை. அந்த உருகும் அடுக்கு வானிலை ரேடாரில் பளிச்சென்று ஒரு பட்டையாகத் தெரியும். எப்போதாவது உருண்டைகள் பெரிதாகி, உருகி முடிவதற்குள் தரைக்கே வந்துவிடும். 2013 ஜூன் 25 அன்று தீவின் மேற்குப் பகுதியில் ஆலங்கட்டி மழை பெய்தது அப்படித்தான்.

இடியும் பனியின் வேலைதான். மேகத்துக்குள் பனிப்படிகங்களும் பனி உருண்டைகளும் மோதும்போது மின்னேற்றம் பிரிகிறது. அதுதான் மின்னலாகப் பாய்கிறது. சிங்கப்பூரில் ஆண்டுக்கு 150 நாளுக்கு மேல் இடி கேட்கிறது. ஒவ்வொரு முறை கேட்கும்போதும் உங்களுக்கு மேலே பனி இருக்கிறது என்று பொருள்.

டோபி காட் என்ற பெயரை எண்ணிப் பாருங்கள். அந்நாளில் பிராஸ் பாசா ஓடைக்கரையில் இந்தியச் சலவைத் தொழிலாளர்கள் துணி துவைத்து, பக்கத்துப் புல்வெளியில் காயவைத்த இடம் அது. அந்த வேட்டிகளிலிருந்தும் சேலைகளிலிருந்தும் ஆவியான நீர் எங்கே போனது? அதில் கொஞ்சமாவது ஐந்து கிலோமீட்டர் ஏறி ஆறு கையோடு நின்றிருக்கும்.

அவள் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அது ஆறா எட்டான்னு மேல போய்ப் பாக்க முடியாதே" என்றாள். அதற்கும் பதில் இருக்கிறது. எனக்கு மிகப் பிடித்த பதில் இதுதான். சில நாள்களில், மெல்லிய வெண்மேகம் வானத்தை மூடியிருக்கும்போது, சூரியனையோ நிலாவையோ சுற்றிப் பெரிய வளையம் ஒன்று தெரியும். சிங்கப்பூரிலும் பலர் படம் எடுத்துப் போடுகிறார்கள். அந்த வளையத்தின் ஆரம் எப்போதும் ஏறத்தாழ 22 டிகிரி. ஒளி பனிப்படிகத்தின் ஒரு பக்கத்தில் நுழைந்து, ஒன்று விட்டு அடுத்த பக்கத்தில் வெளியேறும்போது, அந்த இரண்டு பக்கங்களுக்கு இடையில் 60 டிகிரி இருந்தால் மட்டுமே 22 வரும். 60 டிகிரி அறுகோணத்தில்தான் இருக்கிறது. எட்டுப் பக்கப் படிகமாக இருந்தால் வளையம் வேறு அளவில் அமைந்திருக்கும். உயர்நிலை 3, 4 மாணவர்கள் ஒளிவிலகல் எண் 1.31 என்று வைத்து, முப்பட்டகக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம்.

வளையத்தை அளக்கக் கருவி வேண்டாம். கையை நீட்டி விரல்களை அகல விரித்தால், கட்டைவிரல் நுனிக்கும் சுண்டுவிரல் நுனிக்கும் இடையில் ஏறத்தாழ 20 டிகிரி. சூரியனை ஏதாவது கட்டடத்தால் மறைத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும். நேராகப் பார்த்தால் கண் கெடும். நிலா வளையம் என்றால் கவலை இல்லை.

போத்தலுக்குள் பனி

அந்த டிசம்பரில் வளையம் எங்களுக்கு அமையவில்லை. பருவமழை, நாள் முழுதும் சாம்பல் வானம். சொல்லப்போனால் இந்த மழையும் ஒரு குளிர்காலம்தான். சைபீரியப் பக்கம் தேங்கும் குளிர்காற்று தென்சீனக் கடல் வழியாகத் திடீரென்று நம் பக்கம் பாயும்போதுதான் இங்கே நாள்கணக்கில் கொட்டுகிறது. 2025 ஜனவரி 10, 11 தேதிகளில் சாங்கியில் பெய்தது ஜனவரி மாதச் சராசரி முழுவதையும் தாண்டியது உங்களுக்கு நினைவிருக்கலாம்.

ஆகவே பனியை வீட்டிலேயே வளர்ப்பது என்று முடிவு செய்தோம். முதன்முதலில் செயற்கைப் பனிப்படிகத்தை உருவாக்கியவர் ஜப்பானிய இயற்பியலாளர் உகிச்சிரோ நகாயா. 1936 மார்ச்சில், ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தின் குளிரறையில், ஒரு முயல் முடியின் நுனியில் வளர்த்தார். எந்த வெப்பநிலையில் எந்த வடிவம் என்று அட்டவணையே போட்டார். −5 டிகிரி பக்கம் ஊசியும் தூணும். −15 பக்கம் கைவிரித்த நட்சத்திரம். நம் கணக்குப்படி, சிங்கப்பூருக்கு மேலே ஏழரை கிலோமீட்டரில் −15.

குளிரறை இல்லாதவர்களுக்கு, ஹொக்கைடோவிலேயே பள்ளி ஆசிரியராக இருந்த கசுஹிகோ ஹிராமட்சு ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு பிளாஸ்டிக் போத்தல், தூண்டில் நரம்பு, நரம்பின் அடியில் கட்ட ஓர் அழிரப்பர், ஸ்டைரோஃபோம் பெட்டி, டிரை ஐஸ். போத்தலின் உட்பக்கத்தை ஈரமாக்கி, நரம்பைத் தொங்கவிட்டு, மூடி, பெட்டிக்குள் நிறுத்தி, சுற்றிலும் நொறுக்கிய டிரை ஐஸை நிரப்ப வேண்டும். போத்தலின் கழுத்துப் பகுதி வெளியே இருக்கும். டிரை ஐஸ் −78 டிகிரி. தடித்த கையுறை இல்லாமல் தொடக்கூடாது, அறையில் காற்றோட்டம் வேண்டும், அதைப் போத்தலுக்குள் போட்டு மூடவே கூடாது, வெடித்துவிடும். நீங்கள் செய்வதென்றால் பள்ளி ஆய்வுக்கூடத்தில், ஆசிரியரோடு செய்யுங்கள்.

முதல் முயற்சி தோல்வி. போத்தல் சுவரெல்லாம் வெள்ளையாகப் படிந்து ஒன்றும் தெரியவில்லை. நான்தான் தண்ணீரை அதிகம் விட்டிருந்தேன். இரண்டாவது முறை, பத்து நிமிடம் கழித்து, நரம்பில் மயிரிழை போல் ஏதோ முளைத்தது. பிறகு அதிலிருந்து கிளை. கிளையிலிருந்து கிளை. அம்மாவும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம்.

நரம்பில் தொங்கியபடி வளர்வதால் முழு நட்சத்திரம் வராது. பறவை இறகு போலத்தான் வரும். ஆறு கையை எண்ண முடியவில்லை. அவள் சற்று ஏமாந்தாள். கைப்பேசியில் எடுத்த படத்தைப் பெரிதாக்கி அச்சிட்டு, கோணமானியை அவளிடம் கொடுத்தேன். தண்டுக்கும் கிளைக்கும் நடுவில் வைத்து அளந்தாள். 58. இன்னொரு கிளை, 61. மூன்றாவது, 60.

"அறுபது ஆறு தடவை போட்டா முந்நூத்தி அறுபது" என்றாள். நான் எதுவும் சொல்லவில்லை.

கலை வகுப்பின் கடைசி நாளில் அவளை அழைத்துவரப் போனேன். சன்னல் முழுக்கப் பனிமனிதன், கலைமான், சறுக்கு வண்டி. அவளுடைய எட்டுக் கைச் செதில் அங்கேயே ஒட்டியிருந்தது. அதை எடுக்க அவள் சம்மதிக்கவில்லையாம். பக்கத்தில் புதிதாக ஒரு படம். அடியில் குடையோடு ஒரு பெண், வீவக புளோக், வெள்ளம் ஓடும் கால்வாய். நடுவில் நீலக் கோடுகளாக மழை. தாளின் மேல் விளிம்பில் கரிய மேகம், அதற்குள் மின்னல், அதற்கும் மேலே ஆறு கையோடு குட்டிக் குட்டிப் பனிச்செதில்கள். ஓரத்தில் ஓர் அம்புக்குறி போட்டு எழுதியிருந்தாள்: '5 கி.மீ.'